அப்பாவின் பெட்டியும் நான் வாங்கிய பெட்டியும்

மூன்று வருடங்களுக்கு முன் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி கொடுத்த பெண் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். குளியலறையில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும், அது ஆளின் முழு எடையையும் தாங்க வேண்டும், துண்டு காயப்போடுகிற கம்பியை நம்பாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் பிளம்பருக்கு போன் செய்தேன், எலெக்ட்ரீஷியனுக்கும் செய்தேன். "நாளைக்கு வந்துர்றேங்க்கா" என்றார்கள். அந்த நாளை நான்கு நாளாகியும் வரவில்லை. அம்மா சுவரைத் தடவித் தடவி நடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஐந்தாம் நாள் நானே மாட்டிவிடுவது என்று இறங்கினேன்.

வீட்டில் அப்போது இரண்டு கருவிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று அப்பாவுடையது. அப்பா திருச்சி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாகப்பட்டினத்தில் இருந்த ரயில்வே பணிமனை 1928இல் இங்கே வந்ததிலிருந்து, பொன்மலையில் பாதிக் குடும்பங்களுக்குச் சோறு போட்டது அந்த ஒர்க்‌ஷாப்தான். நீலகிரி மலை ரயிலின் நீராவி இன்ஜின்கள் பழுது பார்க்க இங்கேதான் வரும். அதைப் பற்றிப் பேசும்போது அப்பாவின் முகமே மாறிவிடும். அவர் போன பிறகு, பச்சைப் பெயின்ட் அடித்த அவருடைய இரும்புப் பெட்டியைப் பரணில் ஏற்றி வைத்தோம். அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று நான் ஆன்லைனில் வாங்கியது. நூற்றுச் சொச்சம் உருப்படிகள், பிளாஸ்டிக் பெட்டி, ஒவ்வொன்றுக்கும் அச்சுப் பதித்த இடம், கூடவே ஒரு டிரில்லிங் மிஷின். பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது. தேவையானது எல்லாமே இதில் இருக்கிறது என்ற நிம்மதியில் வாங்கியிருந்தேன்.

அந்த நிம்மதி அரை மணி நேரம் நின்றது. டைலைத் தாண்டிச் செங்கல்லைத் தொட்டதும், சுவர் துளைக்கும் பிட்டின் நுனியில் ஒட்டியிருந்த கடினமான உலோகத் துண்டு கழன்று விழுந்தது. இரண்டாவது பிட் வளைந்தது. ஸ்குரூவை இறுக்கும்போது ஸ்டார் டிரைவரின் முனை மழுங்கி, ஸ்குரூவின் தலையையும் சேர்த்து வழித்துவிட்டது. பாதி ஏறிய ஸ்குரூ, மேலேயும் வராது, உள்ளேயும் போகாது. அம்மா வெளியே நாற்காலியில் உட்கார்ந்து "விட்டுரு, நாளைக்கு யாராவது வருவாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஸ்டூல் போட்டு ஏறிப் பரணில் இருந்த பெட்டியை இறக்கினேன்.

உள்ளே மொத்தம் இருபது சாமான்கூட இல்லை. ஒரு ஹேக்ஸா, தட்டை, அரைவட்டம், முக்கோணம் என்று மூன்று அரங்கள், தலை ஒருபக்கம் உருண்டையான சுத்தியல், பொட்டுக் குத்தும் பஞ்ச், கோடு கிழிக்கும் ஊசி, செங்கோணம் பார்க்கும் எஃகு மூலைமட்டம், ஆறு இன்ச் ஸ்கேல், இரண்டு குறடு, நான்கு திருப்புளி, பழந்துணியில் சுற்றிய எண்ணெய்க் கல். ஒவ்வொரு அரமும் தனித்தனித் துணி உறையில். ஓரத்தில் ஒரு சாக்பீஸ். சின்ன வயதில் பார்த்தது ஞாபகம் வந்தது: அப்பா அராவ உட்காருவதற்கு முன் அரத்தின் மேல் சாக்பீஸைத் தேய்ப்பார். இரும்புத் துகள் அரத்தின் பல்லிடுக்கில் அடைத்துக்கொள்ளாமல் இருக்க. அடைத்துக்கொண்டால், சிக்கிய துகளே வேலைப் பொருளில் ஆழமாகக் கீறிவிடும். அரத்தை முன்னால் தள்ளும்போதுதான் அழுத்துவார், பின்னால் இழுக்கும்போது லேசாகத் தூக்கிவிடுவார். பல் முன்னோக்கித்தான் வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தினால் பல்தான் தேயும்.

பஞ்சையும் சுத்தியலையும் வைத்து ஸ்குரூ தலையின் ஓரத்தில் பக்கவாட்டாகத் தட்டித் தட்டி அதைத் திருப்பி எடுத்தேன். பஞ்சின் முனையில் ஒரு சிறு பொட்டுக்கூடத் தேய்மானம் இல்லை. அது என் வயதை ஒத்த பஞ்ச்.

அதற்குப் பிறகு மொட்டை மாடி அறை மெல்ல மெல்லப் பட்டறையாகிவிட்டது. புத்தக அலமாரி, செடித்தொட்டி ஸ்டாண்டு, சமையலறைத் தட்டுகள், ஒரு ஊஞ்சல் பலகை என்று கொஞ்சம் செய்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்கள் "என்னென்ன வாங்கணும்?" என்று கேட்கும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது: என்ன செய்யப் போகிறீர்கள்? பட்டியல் போட்டு வாங்கிய எதுவும் என்னிடம் உருப்படியாக நிற்கவில்லை. ஒரு வேலை நடுவில் நின்றுபோய், இது இல்லாமல் நகராது என்ற நிலையில் வாங்கியதெல்லாம் இன்றும் கையில் இருக்கிறது.

அந்தக் கைப்பிடிக் கம்பியையே எடுத்துக்கொள்வோம். டிரில்லிங் மிஷின் எது வாங்குவது என்பதற்கான பதில் சுவரில் இருக்கிறது. நம் வீட்டுக் குளியலறைச் சுவரில் வெளியே டைல், அதற்குப் பின்னால் ஒட்டிய கலவை, அப்புறம் பூச்சு. முதல் ஒன்றேகால், ஒன்றரை இன்ச் வரை செங்கல்லே கிடையாது. குட்டை ஸ்குரூ போட்டால் அது வெறும் பூச்சைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். அம்மா எடையைப் போட்டு இழுத்தால் டைலோடு பெயர்ந்து வரும். ஆங்கர், அதாவது துளைக்குள் விரிந்து ஸ்குரூவைப் பிடித்துக்கொள்ளும் உறை, அதையெல்லாம் தாண்டிச் செங்கல்லுக்குள் முழுசாக உட்கார வேண்டும். டைல் முடியும்வரை மிஷினில் ஹேமரை, அதாவது இடித்துக்கொண்டே துளைப்பதை, போடாமல், மெதுவாக, டைலுக்கான பிட்டால். மேலே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பிட் வழுக்காது. டைல் தாண்டியதும் சுவர் பிட்டுக்கு மாறி ஹேமரைப் போடலாம். குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயும் கீழேயும் கைவைக்கக் கூடாது. உள்ளே பைப்போ ஒயரோ பெரும்பாலும் செங்குத்தாகத்தான் ஓடும்.

துளையிலிருந்து கொட்டும் தூளைப் பாருங்கள். சிவப்பாக வந்தால் செங்கல், நல்ல இடம். சாம்பலாக வந்து மிஷின் நகராமல் கத்தினால் அது லிண்டலோ பில்லரோ, அதாவது காங்கிரீட். வீட்டுக்கு வாங்கும் சாதாரண ஹேமர் டிரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்று உரசித் துள்ளும். அந்தத் துள்ளல்தான் அடி. நாம் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அதன் பலம். ரோட்டரி ஹேமர் வேறு ஜாதி. உள்ளே பிஸ்டன் காற்றை அழுத்தி, அந்தக் காற்று ஒரு இரும்புக் கட்டியை எறிந்து பிட்டின் முதுகில் அடிக்கும். நாம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும், காங்கிரீட்டுக்குள் அதுவே இறங்கும். ஆனால் வீட்டில் காங்கிரீட் துளைக்கும் வேலை வருடத்துக்கு எத்தனை முறை வரும்? ரோட்டரி ஹேமரை நாள் வாடகைக்கு எடுக்கலாம். 10 மில்லிமீட்டர் வரை பிட்டைப் பிடிக்கும் வாய் உள்ள, 500 வாட் பக்கத்தில் இருக்கும் ஒரு நல்ல ஹேமர் டிரில், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விசையோடு இருந்தால் மற்ற எல்லா வேலைக்கும் போதும். பிட்டுகளைத் தனியாக, நல்லதாக, தேவையான அளவில் மட்டும் வாங்குங்கள். என் பெட்டியில் வந்த நாற்பது பிட்டுகளைவிட அப்புறம் தனியாக வாங்கிய மூன்று பிட்டுகள் அதிகம் உழைத்திருக்கின்றன.

கம்பி மாட்டி முடித்ததும் முதலில் நான்தான் தொங்கிப் பார்த்தேன்.

மரவேலைக்குள் வந்தது எதிர்வீட்டால். அங்கே கதவு நிலை மாட்ட ஒரு தச்சர் வந்திருந்தார், அறுபதைத் தாண்டியவர். நான் செய்த முதல் அலமாரியைக் காட்ட, வேலை முடிந்து கை கழுவிவிட்டு மாடிக்கு வந்தார். அலமாரியை அவர் தொடவே இல்லை. மேஜையில் கிடந்த என் மூலைமட்டத்தை எடுத்தார். அதுவும் அந்த நூற்றுச் சொச்சத்தில் ஒன்று.

"பலகையோட நேரான ஓரம் எதும்மா?"

காட்டினேன். மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்துப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். அப்புறம் அதை அப்படியே மறுபக்கமாகப் புரட்டி, அதே புள்ளியில் வைத்து இன்னொரு கோடு. மட்டம் சரியாக இருந்தால் இரண்டும் ஒரே கோடாக விழ வேண்டும். என்னுடையது கீழே ஒன்றாகத் தொடங்கி மேலே போகப் போக விரிந்து கோன் ஐஸ் மாதிரி ஒரு கூம்பாக நின்றது.

"தப்பு எவ்வளவோ அதுல ரெண்டு பங்கு காட்டும். இதை வச்சுகிட்டு நீ எவ்வளவு நல்லா அறுத்தாலும் அலமாரி சாஞ்சுதாம்மா நிக்கும்."

அலமாரி சாய்ந்துதான் நின்றது. ஒரு வாரமாக என் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கீழே போய் அப்பாவின் எஃகு மூலைமட்டத்தை எடுத்து வந்து கொடுத்தேன். புரட்டி வைத்துக் கோடு போட்டார். ஒரே கோடு. அதைத் துணியில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு, "இதைக் கீழ போட்டுறாத. ஒரு தடவை விழுந்தாலும் மறுபடி இந்தச் சோதனை பண்ணிட்டுத்தான் எடுக்கணும்" என்றார்.

அதனால்தான் சொல்கிறேன், மோட்டார் வைத்த எதையும் வாங்குவதற்கு முன் அளக்கிற சாமானில் காசு போடுங்கள். அதை வாங்கும்போது கடையிலேயே சோதிக்கலாம் என்பது இன்னும் பெரிய சௌகரியம். மூலைமட்டத்துக்கு ஒரு பென்சிலும் நேரான ஓரமும் போதும். ரசமட்டத்தைக் கடை மேஜையில் வைத்துக் குமிழ் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்படியே தலைமாற்றி அதே இடத்தில் வையுங்கள். குமிழ் அதே அளவு மேஜையின் அதே பக்கமாக நின்றால் மட்டம் நல்லது, மேஜைதான் சாய்வு. பக்கம் மாறினால் மட்டத்தை வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். காந்தி மார்க்கெட் பக்கம் நான் வழக்கமாகப் போகும் கடையில் இப்போது அவர்களே இரண்டு மூன்றை எடுத்துப் போட்டு "பாத்து எடுத்துக்குங்க" என்கிறார்கள்.

டேப்பில் ஒரு விஷயம். நுனியில் உள்ள கொக்கி லொடலொடவென்று ஆடும். கழன்றுபோய்விட்டது என்று நினைத்து என் தம்பி ஒருமுறை அதைச் சுத்தியலால் தட்டி இறுக்கிவிட்டான். அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைத்தது. கொக்கி எவ்வளவு தடிமனோ அவ்வளவு தூரம் அது நகரும். வெளியே மாட்டி இழுத்து அளந்தாலும், உள்ளே முட்டவைத்து அளந்தாலும் அளவு ஒன்றாக வருவதற்காக. இறுக்கினால் டேப் வீண். அப்புறம், ஒரு வேலையை எந்த டேப்பில் தொடங்கினீர்களோ அதே டேப்பில் முடியுங்கள். வீட்டில் இருக்கும் இரண்டு டேப்புகள் எட்டடியில் ஒரு நூல் வித்தியாசம் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நூல் என்றால் தச்சர்களின் கணக்கு: ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். நான் மில்லிமீட்டரில் பேச, அந்தத் தச்சப் பெரியவர் நூலில் பேச, முதல் இரண்டு மாதம் ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தோம். 19 மில்லிமீட்டர் பிளைவுட் அவருக்கு ஆறு நூல். 6 மில்லிமீட்டர் ரெண்டு நூல். மனக்கணக்காகப் பாதியும் காலும் பிரிக்க நூல்தான் சுலபம் என்பதை இப்போது நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் பிளைவுட்டை வெறும் நூல் கணக்கை நம்பி வெட்டாதீர்கள். பலகையை அளந்து பார்த்துவிட்டு வெட்டுங்கள். 18 என்றும் 19 என்றும் கடையில் ஒரே வாயில் சொல்வார்கள், பள்ளத்தில் செருகும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் முழு அலமாரியையும் ஆட்டிவிடும். (பிளைவுட் வாங்கும்போது பலகையில் ஐஎஸ் 303 என்றிருக்கிறதா, ஐஎஸ் 710 என்றிருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னது மரைன் பிளைவுட், தண்ணீர் படும் இடத்துக்கு. படுக்கையறை அலமாரிக்கு அந்தச் செலவு வேண்டாம்.)

உளி வாங்கவும் அவர்தான் கூட வந்தார். கடைக்காரர் ஆறு உளிகள் உள்ள செட்டை நீட்டினார். பெரியவர் அதைத் தள்ளிவிட்டு அரை இன்ச்சில் ஒன்று, ஒரு இன்ச்சில் ஒன்று கேட்டார். அவர் உளியைப் பார்த்த விதத்தை நான் மறக்கவே மாட்டேன். கூர்ப்பக்கத்தைப் பார்க்கவில்லை, "அதை எப்படியும் நாமதான் தீட்டப் போறோம்" என்றார். உளியின் தட்டையான முதுகைக் கடையின் கண்ணாடி மேஜை மேல் படுக்க வைத்து, கண்ணை மேஜை மட்டத்துக்கு இறக்கிப் பார்த்தார். நடுவில் வெளிச்சம் கசிந்தால் ஒதுக்கினார். நுனியில் வெளிச்சம் கசிந்தால் ஒதுக்கினார். ஐந்தாவது உளியில் வெளிச்சம் இல்லை. அப்புறம் அதைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, பிடியும் இரும்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பார்த்து, என்னிடம் கொடுத்தார்.

முதுகு ஏன் முக்கியம் என்பது தீட்டும்போதுதான் புரிந்தது. கூர் என்பது இரண்டு பரப்புகள் சந்திக்கும் கோடு. ஒரு பரப்பை எவ்வளவு பளபளப்பாக்கினாலும் இன்னொன்று குழியாக இருந்தால் கோடு கோடாக இருக்காது. முதல் நாள் முதுகை மட்டும் தேய்க்க வேண்டும், நுனியிலிருந்து ஒரு இன்ச் அகலத்துக்குக் கண்ணாடி மாதிரி ஆகும்வரை. ஒரே தடவைதான், அந்த உளியின் ஆயுசுக்கும் போதும். சரிவான பக்கத்தை 25 டிகிரியில் தீட்டி, நுனியில் மட்டும் கொஞ்சம் தூக்கி 30 டிகிரியில் நாலைந்து இழுப்பு. முதுகில் விரலைக் குறுக்கே வைத்துப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். அது நுனி முழுக்க ஒரே மாதிரி தட்டுப்பட்டால் கூர் வந்துவிட்டது என்று அர்த்தம். முதுகைப் படுக்க வைத்து ஒரு இழுப்பில் பிசிறை எடுத்துவிடலாம்.

அவசரப்பட்டு அந்த ஒரு இன்ச் உளியை ஒருமுறை இரும்பு தேய்க்கும் கிரைண்டரில் தீட்டினேன். நுனியில் ஒரு நொடியில் நீலம் ஓடியது, அழகாகக்கூட இருந்தது. பெரியவர் பார்த்துவிட்டு உச்சுக் கொட்டினார். எஃகு 300 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால்தான் அந்த நீலம் வரும். உளிக்குக் கொடுத்திருந்த பதம் அந்தச் சூட்டில் இளகிவிடும். நீலம் ஓடிய அளவுக்குத் தேய்த்து எறிய வேண்டியதாயிற்று, கிட்டத்தட்ட இரண்டு நூல். கல்லில் உட்கார்ந்து தேய்த்த அந்த இரண்டு சாயங்காலங்களும் எனக்கு நல்ல பாடம். எண்ணெய்க் கல்லுக்குப் பெரிய செலவில்லை. ஒரு பக்கம் சொரசொரப்பு, ஒரு பக்கம் நைஸ் என்று இருக்கும் கார்போரண்டம் கல் எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். கல் வாங்காமல் உளி வாங்குவது, அடுப்பு இல்லாமல் பாத்திரம் வாங்குவது போலத்தான்.

பெரியவரின் சொந்த உளிகளில் ஒன்று லாரி ஸ்பிரிங் பட்டையில் கொல்லர் அடித்துக் கொடுத்தது. பிராண்டு கிடையாது, பிடி கருவேலம், கொட்டாப்புளியின் (மரச் சுத்தியல்) அடி வாங்கி மேல்முனை பூப்போல விரிந்திருக்கிறது. என் புது உளியைவிட அது இரண்டு மடங்கு நேரம் கூர் தாங்குகிறது. ஊர்ப் பக்கம் நல்ல கொல்லர் பட்டறை இருந்தால் ஒரு உளியாவது அடித்து வாங்குங்கள். அந்தக் கைகள் குறைந்துகொண்டே வருகின்றன.

கைக்கு ஏற்ற கருவி என்று சொன்னால் பலர் அதை ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக நினைக்கிறார்கள். என் கை சிறியது. 13 மில்லிமீட்டர் டிரில்லின் பிடியைச் சுற்றி என் விரல்கள் முழுசாக வரவில்லை. விசையை நடுவிரலால் அழுத்த வேண்டியிருந்தது. அப்படிப் பிடித்தால் பிட் சிக்கும்போது மிஷின் மணிக்கட்டை முறுக்கிவிடும். கடையில் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, மிஷினை ஒரு கையில் நீட்டிப் பிடித்து முப்பது எண்ணுவேன். இருபதில் கை நடுங்கினால் எனக்கு அது வேண்டாம். என் கொட்டாப்புளி பெரியவர் புளிய மரத்தில் செய்துகொடுத்தது. புளிய மரம் வெடிக்காது, இறைச்சிக் கடையில் வெட்டுக்கட்டையாக அதைத்தானே வைக்கிறார்கள். முதலில் அவர் அளவுக்குப் பிடி வைத்தார், நான் இரண்டு நாள் பிடித்ததைப் பார்த்துவிட்டு மூன்று விரல் குறைத்து அறுத்தார். அன்றிலிருந்து தோள் வலிக்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். கையில் பிடித்து ஓட்டும் நான்கு இன்ச் கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டாதீர்கள். நம் ஊரில் எல்லாக் கட்டட வேலையிலும் இதைப் பார்க்கிறோம், அதனாலேயே இது சாதாரணம் என்று தோன்றிவிட்டது. கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது. நான்கு இன்ச் தட்டின் ஓரம் அந்த வேகத்தில் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. தேய்த்து அறுக்கும் டிஸ்க் இரும்பைத் துகள் துகளாக எடுக்கும். பல் பிளேடு அப்படியில்லை, கடித்து இழுக்கும். மரம் அறுபட அறுபட உள்ளிறுக்கம் விட்டுப் பிளேடை இரண்டு பக்கமும் நெருக்கும். பல் ஒரு கணுவில் மாட்டும். மிஷின் துள்ளி நம்மை நோக்கி வரும். மரம் அறுக்கவென்றே செய்த சர்குலர் ஸாவில் அகலமான அடித்தட்டு உண்டு, பலகையை விட்டு எடுத்ததும் ஸ்பிரிங்கால் தானே மூடிக்கொள்ளும் கீழ்மூடி உண்டு. கிரைண்டரில் இரண்டும் இல்லை. கல்லும் டைலும் அறுக்கும் மார்பிள் கட்டரில் அடித்தட்டு இருக்கிறது, ஆனால் அந்தத் தானே மூடும் மூடி இல்லை; மரப் பிளேடு போட்ட மார்பிள் கட்டரைக் கீழே வைக்கும்போது பல் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பெரியவரின் இடது கையில் சுட்டுவிரல் பாதிதான் இருக்கிறது. எப்படி என்று நான் கேட்டதில்லை. அவராகத்தான் ஒருநாள் மார்பிள் கட்டரைக் காட்டி, "இதுதாம்மா" என்றார்.

கிரைண்டரை இரும்புக்கும் டைலுக்கும் நான் பயன்படுத்துகிறேன். காப்பு மூடியைக் கழற்றுவதில்லை. டிஸ்கில் எழுதியிருக்கும் அதிகபட்சச் சுற்று மிஷினின் சுற்றைவிடக் கூடுதலா என்று பார்த்துத்தான் மாட்டுவேன். நடுவில் இருக்கும் உலோக வளையத்தில் பல டிஸ்குகளுக்குக் காலாவதித் தேதி அச்சிட்டிருப்பார்கள். பிசின் கொண்டு ஒட்டிய கல் நாளாக ஆக வலு இழக்கும். கண்ணாடி இல்லாமல் சுவிட்சைத் தொடுவதில்லை. கையுறை மட்டும் சுற்றும் மிஷினுக்குப் போடுவதில்லை, துணி சிக்கினால் விரலையும் சேர்த்து இழுக்கும். பெண்களுக்கு இன்னொன்று: துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் பட்டறைக்குள் போக வேண்டும், சேலை என்றால் முந்தானையை இடுப்பில் இறுகச் செருக வேண்டும், பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்க வேண்டும். டைல் அறுக்கும் தூசியை மூச்சில் இழுக்காதீர்கள். அந்த வெள்ளைத் தூசியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

பிளைவுட் அறுக்க நான் மிஷினே வாங்கவில்லை. எட்டுக்கு நாலு ஷீட் மாடிப்படி ஏறாது என்பது முதல் காரணம். வாங்கும் கடையிலேயே அளவு கொடுத்தால் பெரிய ரம்பத்தில் அறுத்துத் தருகிறார்கள். பிளேடு தின்னும் தடிமனையும் ஒவ்வொரு வெட்டுக்கும் கணக்கில் சேர்த்துத் தாளில் வரைந்து கொண்டுபோவேன்.

பேட்டரி மிஷின்களைப் பற்றி இரண்டே விஷயம். பெட்டியின் மேல் 48, 88, 128 என்று பெரிய எண்ணைப் போட்டு விற்பார்கள், அதை வோல்ட் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையன் கொண்டுவந்த 88ஐத் திறந்து பார்த்தோம். உள்ளே வழக்கமான லித்தியம் செல் ஐந்து. ஒரு செல் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. நல்ல நிறுவனங்கள் 18 என்றும், முழுசாக ஏறியபோது உள்ள கணக்கில் 20 என்றும் எழுதுவது இதே ஐந்து செல்லைத்தான். அடுத்தது, முதல் மிஷின் எந்த நிறுவனத்தில் வாங்குகிறீர்களோ அதன் பேட்டரிதான் அடுத்த மிஷின்களையும் முடிவு செய்யும். ஒன்றின் பேட்டரி இன்னொன்றில் ஏறாது. அதனால் முதல் மிஷினை வாங்கும்போதே அந்த நிறுவனத்தின் மற்ற மிஷின்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பட்டறைக்கு வரும் லைனில் மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி போட்டிருக்கிறேன். கருவிகளுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு அது. வாங்கும் மிஷினின் பெயர்த்தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் என்று ஒரு குறி இருந்தால் இரட்டை மின்காப்பு உள்ளது என்று பொருள். எக்ஸ்டென்ஷன் ஒயரைச் சுருட்டி வைத்தபடியே ஓட்டாதீர்கள், சுருளுக்குள் சூடு ஏறும்.

போன ஆயுத பூஜைக்கு அப்பாவின் பெட்டியைக் கூடத்தில் வைத்தோம். சந்தனம், குங்குமம், பொரி, கடலை எல்லாம் உண்டு. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பொட்டு வைத்தார். மறுநாள் காலை நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துத் தையல் மிஷின் எண்ணெய் தடவினேன், ஈரச் சந்தனம் ஒரு நாள் கூடுதலாக இருந்தாலே எஃகில் துருப்பொட்டு விழுந்துவிடும். முந்தின வருடம் மூலைமட்டத்தில் விழுந்த பொட்டு இன்னும் போகவில்லை. அம்மா அதைப் பார்த்துவிட்டு, இந்த முறை மூலைமட்டத்தின் பிடியில் மட்டும் வைத்தார்.

இப்போது அவருக்கு உட்கார்ந்து காய் நறுக்க ஒரு முக்காலி வேண்டுமாம். முழங்கால் அதிகம் மடங்கக் கூடாது, அதனால் உயரம் பதினெட்டு இன்ச் என்று அவரே டேப் பிடித்து அளந்து சொல்லிவிட்டார். சித்தப்பா வீட்டில் சாய்ந்த வேப்ப மரத்தின் பலகை போன கார்த்திகையில் அறுத்து, இடையில் ரீப்பர் கொடுத்து, மாடி நிழலில் அடுக்கிக் காய்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றரை இன்ச் பலகை, இன்னும் சில மாதம் ஆகும். கால்களைப் பலகையில் செருகத் துளையும் நாக்கும் எடுக்க வேண்டும். துளை இரண்டு நூல் அகலம். என்னிடம் இருப்பது அரை இன்ச்சும் ஒரு இன்ச்சும்தான். கால் இன்ச் உளி ஒன்று வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பொன்மலைச் சந்தைக்குப் போகும்போது பழைய இரும்புக்காரர்களிடம் முதலில் தேடிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். கையோடு ஒரு கண்ணாடித் துண்டு கொண்டுபோக வேண்டும், முதுகைப் பார்க்க.